செல்லுமா, செல்லாதா?
இணையவழிப் பட்டங்களுக்கு அங்கீகாரம் தருவதும் பறிப்பதும்: ஒரு திறனாய்வு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒருவர் வேலையை விடாமல் பட்டம் படிக்கப்போவதாகச் சொன்னால், சுற்றத்தார் கேட்கும் முதல் கேள்வி பாடத்தைப் பற்றியதாக இருக்காது. "அந்த டிகிரி செல்லுமா?" என்றுதான் கேட்பார்கள். கற்பித்தலின் தரம் பற்றிய விசாரணை அதற்குப் பின்னால் வரும். பல நேரம் வராமலே போகும். இதைக் குறுகிய பார்வை என்று ஒதுக்குவது எளிது. கடந்த கால் நூற்றாண்டில் தொலைநிலைப் பட்டங்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள். சேரும் நாளில் செல்லுபடியான பட்டம் முடிக்கும் நாளிலும் செல்லுமா? பத்தாண்டு கழித்து டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பு மேசையிலும் செல்லுமா? ஒரு ஒழுங்குமுறை அமைப்பு இந்த மூன்று இடங்களிலும் ஒரே விடையைத் தருகிறதா என்பதே அதை எடைபோடுவதற்கு உரிய அளவுகோல். இக்கட்டுரை அந்த அளவுகோலையே கையாள்கிறது.

எடைபோடப்படுபவை இரண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2020 செப்டம்பர் 4 அன்று அறிவிக்கை செய்த திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிக் கல்வி ஒழுங்குமுறைகள் ஒன்று. அங்கீகாரத்தை மறுப்பதிலும் விலக்கிக்கொள்வதிலும் குழு கடைப்பிடித்துவரும் நடைமுறை மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே படிக்க வேண்டியிருக்கிறது. பிரதியில் ஒரு திட்டமிட்ட மனம் தெரிகிறது. நடைமுறையில் அவ்வப்போது விழித்துக்கொள்ளும் ஒரு அலுவலகம் தெரிகிறது.

முதலில் பிரதி. அதன் சாதனை சிறிதன்று. 1991இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் உருவான தொலைநிலைக் கல்விக் குழு, தானே ஒரு போட்டியாளரின் வீட்டிலிருந்துகொண்டு மற்றப் போட்டியாளர்களுக்கு ஒப்புதல் வழங்கியது. நடுவரும் ஆட்டக்காரரும் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த ஏற்பாடு 2013இல் முடிவுக்கு வந்து பொறுப்பு மானியக் குழுவிடம் சென்றது. 2017இல் தொலைநிலைக்கு ஒரு விதித்தொகுப்பு, 2018இல் இணையவழிக்கு வேறொன்று என்று சிதறிக் கிடந்ததை 2020ஆம் ஆண்டுப் பிரதி ஒருங்கிணைத்தது. தொலைநிலைக்குத் தேசியத் தரமதிப்பீட்டு அங்கீகாரக் குழுவின் (நாக்) தரமதிப்பீட்டில் 4க்கு 3.01, இணையவழிக்கு 3.26, அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இடம் என்று நுழைவுத் தகுதியை வெளிப்படையாக்கியது. பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல் போன்ற துறைகளில் தொலைநிலைப் பட்டமே கூடாது என்று வரம்பிட்டது. பாடப்பொருளுக்கும் தேர்வுக்கும் உள்தர உறுதி மையத்துக்கும் இலக்கணம் வகுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கீகரிக்கப்பட்ட இணையவழிப் பட்டம் கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. இரண்டாம் தரமென்று கருதப்பட்ட ஒரு கல்விக்கு முதல் தர மதிப்பை வழங்கிய கோட்பாட்டுத் துணிவு அது. நாளில் பாதியை ஆலையிலோ ஆஃப்செட் அச்சகத்திலோ கழித்துவிட்டு இரவில் கைப்பேசியைத் திறக்கும் ஒருவருக்கு இந்த இணைமதிப்பைவிடப் பெரிய சலுகை வேறில்லை.

விருதுநகர் மாவட்டத்துக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி என்பதைச் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. அதே மாவட்டம்தான் 2018இல் ஒன்றிய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. பள்ளியை முடித்து வெளியேறும் எண்ணிக்கைக்கும் பகல்நேரக் கல்லூரிக்குள் நுழையும் வசதிக்கும் இடையில் ஒரு பள்ளம் இருந்தது. விருதுநகரின் செந்திக்குமார நாடார் கல்லூரியும், சிவகாசியின் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரியும் அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதியை நிரப்பின. எஞ்சியதை நிரப்பியது பெரும்பாலும் அஞ்சல்வழிக் கல்வி. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் அதைத் தொடங்கிய நாள்முதல் 'கரஸ்ல படிச்சேன்' என்பது இங்கே தலைமுறைகளின் வாசகம். எழுத்தர்கள், ஆசிரியர்கள், கணக்கர்கள், திருமணத்துக்குப் பின் பட்டத்தை முடித்த பெண்கள் என்று அந்த வரிசை நீளம். இணையவழிக் கல்வி அந்த வரிசையின் அடுத்த கண்ணி. ஆகவே அதன் அங்கீகாரச் சிக்கலை டெல்லி அலுவலக விவகாரமாக இங்கே எவரும் பார்க்க முடியாது.

இந்த மண் இன்னொரு காரணத்துக்காகவும் இவ்விவாதத்தில் குரல் பெறத் தகுதியானது. உரிமம் என்றால் என்ன, அதை நிறுத்திவைப்பது என்றால் என்ன, ரத்து செய்வது என்றால் என்ன என்பதை இவ்வளவு விலைகொடுத்துக் கற்ற வட்டாரம் இந்தியாவில் அதிகமில்லை. பட்டாசு ஆலை உரிமத்தில் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று அடுக்குகளைத் தெருவில் நிற்பவரும் பிரித்துச் சொல்வார். அந்த அனுபவத்தை ஒப்பீட்டுக் கருவியாக எடுத்துக்கொண்டால் 2020ஆம் ஆண்டுப் பிரதியின் பலவீனங்கள் தெளிவாகப் புலப்படுகின்றன.

நுழைவுத் தகுதியிலிருந்து தொடங்கலாம். 3.26 என்பது ஒரு முழுப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண். வளாகக் கட்டடம், ஆய்வகம், நேரடி வகுப்பு, ஆசிரியர்களின் ஆய்வேடுகள் ஆகியவற்றைப் பார்த்துத் தரப்படுவது. இணையவழியில் ஒரு மாணவர் கேள்வி அனுப்பினால் எத்தனை நாளில் பதில் வருகிறது, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள், மேற்பார்வையிடப்படும் தேர்வில் ஆள்மாறாட்டம் எப்படித் தடுக்கப்படுகிறது என்பவற்றை அந்த மதிப்பெண் நேரடியாக அளப்பதில்லை. வேறொன்றை அளக்க வடிவமைத்த கருவியை இதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். எளிமை என்ற வகையில் இது நன்மை. பொருத்தம் என்ற வகையில் குறை. அந்த மதிப்பெண்ணைத் தாண்டிய பல்கலைக்கழகம் முன்னொப்புதல் இல்லாமலே இணையவழிப் படிப்பைத் தொடங்கலாம் என்ற சலுகையையும் சேர்த்துப் பார்த்தால் குறை பெரிதாகிறது. மொத்தப் பாரமும் ஒரு தரமதிப்பீட்டின் நேர்மைமேல் ஏறி நிற்கிறது. ஆந்திராவின் குண்டூர்ப் பகுதியிலுள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் வழங்கக் கையூட்டு பெற்றதாக, நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது. குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதே. ஆனால் ஒரே தூணில் நிற்கும் கூரையைப் பற்றிய ஐயத்தை அந்த வழக்கு நியாயப்படுத்திவிட்டது.

இதைவிட ஆழமான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளச் சிவகாசியின் ஒரு சொல் போதும்: உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். மருந்து கலப்பவர், ஆள் அமர்த்துபவர், அறைகளை நடத்துபவர் வேறாக இருப்பார். உரிமத்தின் நிபந்தனைகள் சுவரில் தொங்கும். அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டியவர் அங்கே இருக்க மாட்டார். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது முதலில் எழுந்த குற்றச்சாட்டு ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்பதுதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்து, நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உரிமம் பெற்றவரும் இயக்குபவரும் வேறுவேறாகும்போது மேற்பார்வை பொருளிழந்துபோகிறது என்பது அந்தத் துயரம் உறுதிசெய்த பாடம்.

இணையவழிக் கல்வியில் இதே அமைப்பு வேறு பெயரில் இயங்குகிறது. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது. விளம்பரம் செய்வது, கைப்பேசியில் அழைத்துச் சேர்ப்பது, காணொளி தயாரிப்பது, கட்டணத்துக்குக் கடன் ஏற்பாடு செய்வது, மாணவரின் குறைகளைக் கேட்பது எல்லாம் ஒரு கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தின் கையில் இருக்க முடிகிறது. விதிமுறைகள் இதைக் காணாமல் விடவில்லை. பெயரை வாடகைக்கு விடும் ஏற்பாட்டை வெளிப்படையாகத் தடைசெய்கின்றன. 2022 ஜனவரியில் மானியக் குழு அதை மீண்டும் நினைவூட்டி, அத்தகைய கூட்டு ஏற்பாடுகளில் சேர வேண்டாம் என்று மாணவர்களை எச்சரித்தது. முனைவர் பட்டத்தையே கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் விற்கத் தொடங்கியபோது அதே ஆண்டு அக்டோபரில் மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் (ஏ.ஐ.சி.டி.இ.) சேர்ந்து ஒரு எச்சரிக்கை விடுத்தன. தடை சரியானது, நிலைப்பாடு தெளிவானது. ஆனால் தொழில்நுட்பச் சேவை எங்கே முடிகிறது, கல்விப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற எல்லை நடைமுறையில் மங்கலாகவே இருக்கிறது. பட்டாசு ஆலைக்குள் ஆய்வாளர் நுழைந்தால் யார் மருந்து கலக்கிறார் என்று கண்ணால் பார்க்கலாம். இணையவழியில் பார்ப்பதற்கு இருப்பவை ஒப்பந்த ஆவணங்களும் கணக்குப் பேரேடுகளும்தான். பல்கலைக்கழகம் உறுதிமொழிப் பத்திரத்தோடு தானே வெளியிடும் தகவலைப் பெரிதும் நம்பி நிற்கும் மேற்பார்வை, சுவரில் தொங்கும் உரிமத்தைப் படித்துவிட்டுத் திரும்பும் ஆய்வாளரின் மேற்பார்வைதான். மாணவர் செலுத்தும் கட்டணத்தில் எத்தனை விழுக்காடு எந்த வேலைக்காக வெளி நிறுவனத்துக்குப் போகிறது என்பதை மாணவரிடமே வெளிப்படுத்த வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனை இருந்தால், உள்குத்தகை தானாக வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இனி அங்கீகாரம் பறிபோகும் இடம். திறனாய்வின் கடுமை முழுவதும் இங்கேதான் தேவைப்படுகிறது.

2022 மார்ச்சில் மானியக் குழு ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரை மட்டுமே அங்கீகாரம் உண்டு, அதற்குப் பின் ஒப்புதல் இல்லை, சேர வேண்டாம் என்பது அதன் சாரம். மாணவர்களின் எதிர்காலத்துக்கு நேரும் விளைவுகளுக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு என்றும் அது சொன்னது. ஆண்டுகளைக் கவனியுங்கள். அங்கீகாரம் முடிந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கும் எச்சரிக்கை வந்த ஆண்டுக்கும் இடையில் ஏழு ஆண்டுகள். இரண்டு முழு இளங்கலைத் தொகுதிகள் சேர்ந்து முடித்து வெளியேறக்கூடிய காலம். ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இடையில் வெளியானது உண்மை. ஆனால் பட்டியலில் ஒரு பெயர் இல்லாததை எச்சரிக்கையாகப் படித்துக்கொள்ளும் பொறுப்பு மாணவர் தலையில் சுமத்தப்பட்டது. பல்கலைக்கழகமும் தன் தரப்பு நியாயங்களை முன்வைத்தது. அவற்றின் வலு எப்படியிருந்தாலும், 1929இல் தோன்றி, 1979இலிருந்து தொலைநிலைக் கல்வி நடத்தி, 2013இல் மாநில அரசே சட்டமியற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஒரு நிறுவனத்தின் பட்டம் செல்லாமல் போகலாம் என்று ஒரு மாணவர் எப்படி ஐயப்பட்டிருக்க முடியும்? அதே 2022இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை, இணையவழிப் படிப்புகள் குறித்தும் மானியக் குழு எச்சரித்தது. இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். கிராமத்து மாணவருக்கு 'அரசுப் பல்கலைக்கழகம்' என்பதே அங்கீகாரத்தின் முத்திரை. அந்த நம்பிக்கையை உடைத்த பிறகு, அதற்குப் பதிலாக நம்பிச் சாய இன்னொன்றைத் தர வேண்டிய கடமை ஒழுங்குமுறை அமைப்புக்கு உண்டு.

இந்த அறிவிப்புகளின் வடிவத்தையே கொஞ்சம் ஆராய வேண்டும். அவை தவறு செய்த நிறுவனத்தைப் பற்றிப் பேசுகின்றன. பேச்சு மாணவரை நோக்கி இருக்கிறது. எச்சரிக்கையாக இருங்கள், சரிபாருங்கள், மீறிச் சேர்ந்தால் உங்கள் எதிர்காலம் பாதிக்கப்படும் என்கின்றன. சேரப்போகிறவருக்கு இது பயன்படும். அந்த அளவுக்கு இவ்வறிவிப்புகள் செய்ய வேண்டியதைச் செய்கின்றன. ஏற்கெனவே சேர்ந்து மூன்றாம் பருவத்தில் இருப்பவருக்கு அவற்றில் ஒரு வரிகூட இல்லை. அவர் எங்கே போவது, முடித்த பருவங்களின் மதிப்பெண் வேறிடத்தில் ஏற்கப்படுமா, கட்டிய பணம் எந்தத் தேதிக்குள் யாரிடமிருந்து திரும்பும் என்பவற்றுக்கு விடையில்லை. பல்கலைக்கழகமே பொறுப்பு என்ற வாசகம் விடை போலத் தோன்றலாம். வசூலிக்கும் வழி எதுவும் சொல்லப்படாத பொறுப்பு அது.

2025 ஆகஸ்டில் வெளியான ஒரு முடிவு இன்னும் நுட்பமான உதாரணம். உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும், உயிரித் தொழில்நுட்பம் உள்ளிட்ட நலவாழ்வு சார்ந்த படிப்புகளை ஜூலை-ஆகஸ்ட் 2025 சேர்க்கையிலிருந்தே தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது, ஏற்கெனவே தந்த அங்கீகாரமும் விலக்கிக்கொள்ளப்படும் என்று மானியக் குழு அறிவித்தது. கொள்கையளவில் இதற்கு வலுவான காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டின் நலவாழ்வுத் துணைத்தொழில்கள் சட்டத்தின் வரம்புக்குள் வரும் ஒரு தொழிலை நோயாளியைப் பார்க்காமல் கற்க முடியாது. கோட்பாட்டில் பழுதில்லை, காலத்தில்தான் பழுது. ஜூலையில் தொடங்கிய சேர்க்கைக்கு ஆகஸ்டில் தடை என்றால், விண்ணப்பித்துப் பணம் கட்டிக் காத்திருந்தவரே அந்தப் பழுதின் செலவைச் சுமக்கிறார். ஆண்டுக்கு இரண்டு சேர்க்கைப் பருவங்கள் இருக்கின்றன. அடுத்த பருவத்துக்குத் தடை என்று அறிவித்திருந்தால் கொள்கைக்கு எந்தச் சேதமும் வந்திருக்காது.

அங்கீகாரத்தைப் பறிப்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடமே ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. அதில் நிறையும் குறையும் ஒருசேரத் திரண்டிருப்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கின. நான்கில் ஒன்று நம் சேலத்தின் விநாயகா மிஷன். ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதல் பெறப்படவில்லை. படிப்பு நடந்து முடிந்த பிறகு 2007 வாக்கில் தொலைநிலைக் கல்விக் குழு பின்தேதியிட்டு ஒப்புதல் தந்தது. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் ஏ.கே. கோயலும் யு.யு. லலித்தும் அமர்ந்த அமர்வில், அந்தப் பின்தேதி ஒப்புதல்கள் சட்டவிரோதம் என்று ரத்து செய்தது. 2001 முதல் 2005 வரையிலான பருவங்களில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை அடியோடு ரத்து செய்தது.

அத்தோடு நிற்கவில்லை என்பதே அத்தீர்ப்பின் மேன்மை. நிறுத்திவைக்கப்பட்ட பட்டம் பெற்றவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. ஒரு தேர்வு நடத்த வேண்டும், அதிகபட்சம் இரண்டு வாய்ப்புகள், தேறினால் பட்டம் உயிர்பெறும், தேர்வு எழுத விரும்பாதவருக்குக் கட்டிய பணம் திரும்ப வேண்டும் என்று ஆணையிட்டது. ரத்தானவர்களுக்கும் பணம் திரும்ப வேண்டும் என்றது. ஒப்புதல் தந்த அதிகாரிகளைப் பற்றி சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் வெளியிட்ட விளக்கத்தில், தேர்வு எழுத முன்வருபவர்கள் முடிவுகள் வரும்வரை அதே ஆண்டு ஜூலை இறுதிக்கு மிகாமல் பட்டத்தையும் வேலையையும் வைத்துக்கொள்ளலாம் என்று இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தது. நிறுவனம் செய்த தவறையும் மாணவர் கற்ற கல்வியையும் இப்படிப் பிரித்து எடைபோடுவது நீதியின் மிக நேர்த்தியான முறை. நிறுவனம் தவறியிருக்கலாம், அதனால் மாணவர் ஒன்றும் கற்கவில்லை என்று ஆகிவிடாது, கற்றிருந்தால் நிரூபிக்க ஒரு வாய்ப்புத் தா என்பது அதன் உட்கருத்து.

குறைகளும் அதே அளவு கனமானவை. 2001இல் சேர்ந்தவருக்கு 2018இல் தேர்வு. இருபதுகளின் தொடக்கத்தில் கற்ற பொறியியலை நாற்பதை நெருங்கும் வயதில் எழுதிக் காட்ட வேண்டும். இடையில் கிடைத்த வேலை, பதவி உயர்வு எல்லாம் தராசில் தொங்கும். 2005க்குப் பின் சேர்ந்தவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர் 2005க்கு முன் சேர்ந்தவரைவிடக் குறைவாகக் கற்றார் என்று எவரும் சொல்லவில்லை. எச்சரிக்கை வந்த பிறகு சேர்ந்தார் என்பதே வேறுபாடு. அந்த எச்சரிக்கை அவர் கண்ணில் பட்டதா என்பது கேட்கப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுபட்ட மேற்பார்வைத் தோல்வியைக் கடைசியில் ஒரு நீதிமன்றம் தன்னால் இயன்றவரை சீர்செய்தது. ஒழுங்குமுறை அமைப்பு செய்திருக்க வேண்டிய வேலையை நீதிமன்றம் செய்தது என்பதே அதன் பெருமை, அதுவே அதன் எல்லை. 2020ஆம் ஆண்டுப் பிரதியை எழுதியவர்கள் முன் இந்தத் தீர்ப்பு விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த தடைகளை எடுத்துக்கொண்டார்கள். பரிகாரங்களை, அதாவது மறுதேர்வையும் குறித்த தேதிக்குள் பணத்தைத் திருப்புவதையும் இடைக்காலப் பாதுகாப்பையும், நிலையான விதிகளாக எழுதிவைக்கவில்லை.

பரிகாரத்தையும் விதியாக எழுத முடியும் என்பதைப் பட்டாசு உரிமத்தின் சட்டங்களில் பார்க்கலாம். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 6இ பிரிவு உரிமத்தை மாற்றவும் நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் எந்தெந்தக் காரணங்கள் தகுதியானவை என்று வகைப்படுத்துகிறது: உண்மையை மறைத்துப் பெற்றது, நிபந்தனையை மீறியது, பொதுப் பாதுகாப்பு என்று. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி சொல்கிறது. நிறுத்திவைப்பு, ரத்து என்ற படிநிலை வேறுபாடு தெளிவாக இருக்கிறது. இதோடு 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் சேர்கிறது: ஆபத்தான பொருளைக் கையாள்பவர் காப்பீடு வைத்திருக்க வேண்டும், விபத்தில் பாதிக்கப்பட்டவர் யாருடைய தவறு என்று நிரூபிக்காமலே முதல் நிவாரணம் பெறலாம். இந்தச் சட்டங்கள் சிவகாசியைக் காப்பாற்றிவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரைப் பலிகொண்ட ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்பது அப்போதே வெளியான செய்தி. காகிதத்தில் நிறுத்திய உரிமம் தளத்தில் நிற்கவில்லை. அமலாக்கத்தில் அந்தச் சட்டம் படுதோல்வி கண்டிருக்கிறது. ஆனால் சட்ட வரைவு என்ற வகையில் பாதிக்கப்படுபவரை அது மறக்கவில்லை. கல்வி விதிமுறைகளோ பாதிக்கப்படுபவரை வாசகராக மட்டும் வைத்திருக்கின்றன, உரிமையாளராக வைக்கவில்லை. ஆஸ்திரேலியா 2012இல் வெளிநாட்டு மாணவர்களுக்கெனத் தொடங்கிய கட்டணப் பாதுகாப்புச் சேவை, கல்வி நிறுவனங்களிடமே தொகை வசூலித்து நிதி வைத்திருக்கிறது. நிறுவனம் மூடினால் மாணவருக்கு வேறிடம் பார்க்கிறது, முடியாவிட்டால் மீதிப் பணத்தைத் தருகிறது. இங்கிலாந்தில் பதிவு பெறும்போதே மாணவர் பாதுகாப்புத் திட்டத்தை ஒப்படைக்க வேண்டும். இவை எட்டாத இலட்சியங்கள் அல்ல, நடப்பில் உள்ள ஏற்பாடுகள்.

மாநில அரசின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. 2009இல் ஒரு திரைப்படப் பயிற்சி நிறுவன முதல்வரின் தகுதி தொடர்பான வழக்கில், அடிப்படைப் பட்டம் இல்லாமல் பெற்ற திறந்தநிலை முதுகலையை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. மானியக் குழுவின் விதி, அந்தப் பட்டத்தை வழங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் கட்டுப்படுத்தும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, பத்தும் பன்னிரண்டும் முறையாக முடிக்காமல் பெற்ற திறந்தநிலைப் பட்டங்கள் அரசுப் பணிக்குச் செல்லாது என்று அரசாணை 107ஐப் பிறப்பித்தது. தரத்தின் பக்கம் நின்ற ஆணை அது. ஆனால் மானியக் குழுவின் அங்கீகாரம் வேறு, மாநிலத்தின் பணித்தகுதி வேறு என்ற இரட்டை வாசலை அது நிலைப்படுத்தியது. ஒரு வாசலில் செல்லும் பட்டம் மற்றொன்றில் செல்லாமல் போக, சேரும் நாளில் இரண்டையும் ஒருசேரச் சொல்ல எந்த அலுவலகமும் பொறுப்பேற்கவில்லை.

இத்திறனாய்வின் தீர்ப்பு இது. நுழைவாயிலைப் பொறுத்தவரை 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் முன்னெப்போதும் இருந்ததைவிடத் தேர்ந்த ஆக்கம்; இணைமதிப்பு அதன் உச்சம், ஒற்றைத் தரமதிப்பீட்டைச் சார்ந்திருப்பது அதன் சறுக்கல். மேற்பார்வையைப் பொறுத்தவரை பாதி வெற்றி: உள்குத்தகையைத் தடைசெய்யத் தெரிந்தது, கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பறிப்பதைப் பொறுத்தவரை தோல்வி. சேரும் நாள், முடிக்கும் நாள், பத்தாண்டு கழித்து வரும் நாள் ஆகிய மூன்றிலும் ஒரே விடை தர வேண்டும் என்ற சோதனையில் முதல் நாளை மட்டுமே இந்த அமைப்பு தாண்டுகிறது.

இந்தத் தோல்வியைச் சரிசெய்யப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. 2024 சேர்க்கையிலிருந்து தொலைநிலை, இணையவழி மாணவர் ஒவ்வொருவரும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் (டி.இ.பி.) அடையாள எண் பெற்ற பிறகே சேர முடியும் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. போலிச் சேர்க்கையையும் அங்கீகாரமில்லாத படிப்பையும் வாசலிலேயே நிறுத்த உதவும் நல்ல ஏற்பாடு. இதன் இன்னொரு பயன் இன்னும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. இதுவரை மானியக் குழுவுக்கு மாணவர்கள் முகமற்ற கூட்டம். பொது அறிவிப்பைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்ல ஒரு சாக்கு இருந்தது. இப்போது யார், எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் படிப்பில் இருக்கிறார் என்பது குழுவின் கணினியிலேயே இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் நிறுத்தப்படும் அன்றே, திருத்தங்கலில் இருக்கும் மாணவியின் கைப்பேசிக்குத் தமிழில் மூன்று தகவல்கள் போக முடியும்: இதுவரை முடித்த பருவங்கள் எந்தெந்தப் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்படும், மாற்றிக்கொள்ள எந்தத் தேதிவரை அவகாசம், மாற விரும்பாவிட்டால் கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து எத்தனை நாளில் திரும்பும். முதல் தகவலுக்குப் பல்கலைக்கழகங்களோடு முன்கூட்டிய உடன்பாடு வேண்டும். மூன்றாவதற்கு அங்கீகாரம் தரும்போதே பெற்றுவைத்த வைப்புத்தொகை வேண்டும். இரண்டையும் அங்கீகாரத்தின் நிபந்தனைகளாக்க மானியக் குழுவுக்கு இப்போதே அதிகாரம் உண்டு.